காணிக்கை உறை

உறையில் ‘காரணம்’ என்று ஒரு வரிதான் இடம்.
பிள்ளைப்பேறு எழுதுவார்கள்,
ஆபரேஷன் சுகமானதை எழுதுவார்கள்,
விளாங்குடியில் வீட்டுக்குத் தளம் போட்டதை.

சனி ராத்திரி
பேனாவும் ஐம்பது ரூபாயுமாய் உட்கார்ந்திருந்தேன்.
அடுப்படியில் குடங்கள்.
விடியற்காலை நாலரைக்கு வந்த தண்ணீர்
கடைசிக் குடம் கழுத்துவரை ஏறியபிறகே நின்றது.
செவ்வாய்க்கிழமை சிலிண்டர் தீர்ந்தது,
அதற்குள் கறி வெந்திருந்தது.
காளவாசல் சிக்னலில் ஒரு லாரி
ஸ்கூட்டியின் கண்ணாடியை மட்டும்
தட்டிவிட்டுப் போனது.

இதையெல்லாம் ஆயர் எப்படி வாசிப்பார்?
எழுதினேன்:
‘இந்த வாரம் ஒன்றும் நடக்கவில்லை.
கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.’

பசுமலை ஆலயத்தில் மறுநாள்
வாசித்துவிட்டு அவர்
உறையைத் திருப்பிப் பார்த்தார்.
மறுபக்கமும் ஒன்றுமில்லை.
பாடகர் குழுப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

நாலாவது பெஞ்சிலிருந்து
ஜெபக்கனி அக்கா,
போன மாசியில் அதே சிக்னலில்
மகனைக் கொடுத்தவள்,
‘ஆமென்’ என்றாள்.
கொஞ்சம் சத்தமாகவே.

அடுத்த பாட்டின் எண்
எனக்குக் கேட்கவில்லை.