உப்பு எரிந்த ஆண்டு

எங்கள் ஊரின் முதல் ஆவணம் ஒரு புகார்.
'கோதுமை நிலம் என்று சொல்லி
வண்டிச்சக்கரம் விழுங்கும் சேற்றை விற்றார்'
என்று ஒபதையா ப்ரூயட் மேல்
தெயோபால்ட் ரென்ஷ்லர் கொடுத்தது.
ஒகையோ ஆற்றின் வடகரை,
ஆயிரத்து எண்ணூற்றுப் பத்தொன்பது, மே.
நீதிபதி வர ஓராண்டு ஆகும்.

பழைய ஏட்டைப் பார்த்துப் படியெடுக்கும் எழுத்தன் நான்.
ஊர்விழாவில் சொல்லும் கதையில்
கொடி உண்டு, பாதிரியார் உண்டு.
ஏட்டில் சேறுதான் இருக்கிறது.

ஏர் இறங்கியது. ஏறவில்லை.
இரண்டு எருது, ஒரு ஜெபம்,
எழுத முடியாத சில வார்த்தைகள்,
ஒன்றும் பலிக்கவில்லை.
ஏர் நின்ற இடமே ஊருக்குப் பெயர்:
ப்ளவ்ஸ் எண்ட்.

கிணறு தோண்டினார்கள்.
தண்ணீருக்கு முன் ஓடு வந்தது.
கயிறு அழுத்திய வரிகள்,
விளிம்பில் யாரோ பதித்த கட்டைவிரல்.
யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை.
பத்திரத்தில் மை இன்னும் ஈரம்.
நொறுக்கிப் பாதையில் கொட்டினார்கள்.
பெருமழை பெய்தால்
இப்போதும் அந்த விரல் மேலே வரும்.

ஒட்டிலீ, தெயோபால்டின் மனைவி.
ரைன் பக்கத்துச் சூளைவீட்டில்
சக்கரம் மிதிக்க விட்டார்கள் அவளை,
வனைய விடவில்லை.
அடுப்புப் பூச எடுத்த சேற்றை
விரலிடுக்கில் திரித்தாள். வளைத்தாள்.
வெடிப்பு விடவில்லை.
நுனிநாக்கில் வைத்தாள். மணல் இல்லை.
அதன்பிறகு கோதுமை பற்றி
அவள் பேசியதாகக் குறிப்பே இல்லை.

அக்டோபரில் சூளை.
மூன்றாம் இரவு, செங்கல் வெளுக்கும் சூடு.
மெருகேற உப்பெறிய வேண்டும்.
இருந்ததோ பன்றி இறைச்சிக்கு வாங்கிய உப்பு,
ஒரே பீப்பாய்,
ஏழு குடும்பத்தின் குளிர்காலம்.
யாரையும் கேட்கவில்லை என்கிறது ஒரு சாட்சியம்.
கேட்டாள், எல்லாரும் தூங்கினார்கள்
என்கிறது இன்னொன்று.

கரண்டி கரண்டியாய்,
அடி தெரியும்வரை.
படபடவென்று வெடித்து வெள்ளையாய் எழுந்தது.
காலையில் பூசணிக்கொடிகள் கருகிக் கிடந்தன.
உள்ளே நாற்பத்திரண்டு ஜாடி,
ஆரஞ்சுத் தோல்போலப் புள்ளியிட்ட பளபளப்பு,
தட்டினால் வெண்கலம்.
போட்டு வைக்கத்தான் ஒன்றுமில்லை.

உப்பில்லாமல் இறைச்சி குப்பைக்குப் போனது.
ஜனவரியில் ஹல்டா ஸ்ட்ரோப்புக்குப் பால் வற்றியது.
ஏட்டில் அடுத்த வரி அவள் குழந்தை:
லெவி, பதினொரு வாரம்.
அங்கே கல் கிடையாது.
ஜாடி ஒன்றில் ஆணியால் பெயரைக் கீறி
தலைமாட்டில் கவிழ்த்தார்கள்.
மிச்சம் நாற்பத்தொன்று.

ஏப்ரலில் பனி உடைந்து படகு வந்தது.
படகுக்காரன் ஒவ்வொன்றையும் தட்டிக் கேட்டான்.
மொத்தத்துக்கும் ஆறு பீப்பாய் உப்பு தந்தான்.

மே மாதம் நீதிபதி.
சேறு என்று ஊருக்கே தெரிந்த நிலத்தை
திருப்பித் தா என்றார் ப்ரூயட்,
மண்ணை விற்றேன், களிமண்ணை அல்லவே என்று.
ரென்ஷ்லர் எழுந்து,
அருமையான கோதுமை நிலம், கனம் நீதிபதி அவர்களே,
என்றார் முகம் மாறாமல்.
வழக்கு தள்ளுபடி.
செலவு: ஊறுகாய் ஜாடி ஒன்று, மூடியோடு.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்வார்கள்.
உப்பை எடுத்தவளை நினைத்தாள் ஹல்டா.
ஊரைவிட்டுப் போகவில்லை.
ஒட்டிலீயோடு பேசவுமில்லை.
அடுத்த சூளைக்கு வந்து
கரண்டிக்குக் கை நீட்டினாள்.
கொடுத்தாள் ஒட்டிலீ.

பத்தொன்பது ஆண்டுச் சூளைக் கணக்கு.
எல்லாப் பக்கத்தின் அடியிலும்
ஹல்டாவின் கோணல் எழுத்து:
'ஒரு பீப்பாய் எடுத்து வைத்தாயிற்று.
சாவி என்னிடம்.'