இடைத்தள உயரம்

காற்று ஏழு நாட். பாய் முழுதும் விரித்தும்
படகு நாலைத் தாண்டவில்லை.
திருப்பத்தில் மூக்கு தயங்கி நின்று இஞ்சினைக் கேட்டது.
எழுதிக்கொள்கிறேன்: மெல்லிய காற்றில் சோம்பல்.
சிங்கப்பூரில் வேறு காற்று எப்போது வீசியது, என்கிறார்
தரகர் ரேமண்ட் சியா,
நான் ஏதோ ஊருக்குப் புதிது என்பதுபோல.

கெப்பலிலிருந்து கிளம்பும்போதே சொல்லியிருந்தார்:
கேட்டமரான், அது பாலினேசியத் தீவுகளின் சொல்.
வாங்க வந்த பல் மருத்துவர் அருணகிரி என்னைப் பார்த்தார்.
நானும் அவரைப் பார்த்தேன்.
இருவரும் தலையாட்டினோம்.
மணிக்கணக்கில் எனக்குக் கூலி,
சொற்களுக்குத் தனியாக பில் போட முடியாது.

என் முறைகள் எந்தக் கையேட்டிலும் இல்லை.
தே ஓ விளிம்புவரை ஊற்றி
மேசை நடுவில் குவளையை வைப்பேன்.
ஒவ்வோர் அறையிலும் காலணியைக் கழற்றிவிட்டுப்
பத்து நிமிடம் கண்மூடிப் படுப்பேன்.
இந்தத் துறைமுகத்தில்
படுத்துக்கொண்டு சம்பாதிக்கும் கணக்கில்
நேர்மையாக வரி கட்டுகிறவள் நான்.

இடப்பக்க அறை: தலைமாட்டில் குளிரூட்டியின் பெருமூச்சு.
வலப்பக்க அறை: ஜெனரேட்டர், சன்னமாக,
காதில் இல்லை, பல்லில் தெரிகிறது.
நடுவில், இரண்டு உடல்களையும் இணைக்கும் தளத்தின் வயிற்றில்
அலை வந்து வந்து அறைகிறது.
அதற்குத்தான் இடைத்தள உயரம் அளப்பது.
அறுபத்தொரு சென்டிமீட்டர்.
எண்பதாவது வேண்டும்.

செயின்ட் ஜான்ஸ் தீவருகே
பாத்தாம் ஃபெர்ரி ஒன்று அவசரமாகக் கடந்தது.
அது விட்டுப்போன முதல் அலைக்கு
இடது உடல் ஏறிவிட்டது,
வலது இன்னும் பள்ளத்திலேயே கிடந்தது.
கட்டுமரம் சாய்வதில்லை, உதறும்.
ஒருவர் எழுந்து மற்றவர் எழாத கட்டில்போல.
குவளை அசையவில்லை. ஒரு சொட்டுச் சிந்தவில்லை.
இழுப்பறை ஒன்று மட்டும் தானே திறந்து
கரண்டிகளைக் கொட்டியது.
ரேமண்ட் குனிந்து பொறுக்கினார்,
பூட்டு மாற்றித் தருகிறோம் என்றார், எல்லாரிடமும்.

திரும்பும் வழியில்
மருத்துவரின் மனைவி பெர்னிஸ் படியிறங்கி வந்தார்.
காலையிலிருந்து அவர் எதுவும் கேட்டிருக்கவில்லை.
அந்தப் பக்கம் குறட்டை விட்டால்
இந்தப் பக்கம் கேட்குமா?
கேட்காது, என்றேன்.
அழுதால்?

தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவைக் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

அதை நான் சோதித்ததில்லை.
சோதிக்காததற்கு நான் கையெழுத்துப் போடுவதுமில்லை.
வலப்பக்கம் போய்ப் படுத்தேன்.
அவர் இடப்பக்கம் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார்.
மேலே இரு ஆண்களும் பாய்த்துணியின் ஆயுளைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.
பத்து நிமிடம்.
பல்லில் ஜெனரேட்டர். வயிற்றில் அலை.
வேறொன்றும் இல்லை.

வெளியே வந்தபோது
முகம் கழுவியிருந்தார், துடைக்கவில்லை.

அறைகளுக்கிடையே ஒலித்தடுப்பு: மிக நன்று.
எழுதிவிட்டு
ஆறிப்போன தே ஓவை நின்றபடியே குடித்தேன்.