வெறும் வயிற்றில்

போடியில் காலை நாலரை.
சோக்கை இழுத்துப் பிடித்து, ஏழாவது உதையில்
இருமிக்கொண்டு எழுந்தது வண்டி.
அண்ணன் திருப்பூர் போனபோது விட்டுப்போன ஸ்ப்ளெண்டர்.
இடது கண்ணாடி கிடையாது.
ஹாரன், அதற்கு மனசிருந்தால்.

ஸ்வெட்டருக்குள் நேற்றைய தினசரி,
நெஞ்சுக்கு நாலு பக்கம், வயிற்றுக்கு நாலு பக்கம்.
ஏலக்காய் விலையும் கண்ணீர் அஞ்சலியும்
என் மேல் சரசரக்க,
பின் இருக்கையில் கயிறு கட்டிய ஐஸ் பெட்டி.

முந்தல் வரைக்கும் குளிர் ஒரு வதந்தி.
மூன்றாவது வளைவில் ஆளே வந்துவிட்டது.
கையுறையில் தையல் விட்ட இடத்தைக் கண்டுபிடித்து
விரலைக் கடித்தது. முட்டியில் ஏறி உட்கார்ந்தது.
என் மூச்சையே எடுத்து
ஹெல்மெட் கண்ணாடியில் எனக்கெதிராகப் பூசியது.
தூக்கினால் கண்ணீர், இறக்கினால் குருடு.
தூக்குவதும் இறக்குவதுமாய்ப் பதினேழு வளைவு.
நடுவில் ஒரு தோட்டத்து ஜீப் முந்திப் போனது.
உள்ளே பதினைந்து பேர்,
ஒருவர் சூட்டில் ஒருவர் தூங்கியபடி.
அவர்கள்மேல் எனக்கு வந்தது பொறாமைதான்.

செக்போஸ்டில் புது ஆள். முகத்தில் டார்ச்.
"எவிடேக்கா, தம்பி?"
ஹெல்மெட்டைக் கழற்றினேன். பின்னல் விழுந்தது.
"அய்யோ, சேச்சி!"
பெட்டியில் என்ன என்றார்.
போகும்போது ஐஸ், வரும்போது ரத்தம்.
டார்ச் அணைந்துவிட்டது.

தோண்டிமலை தாண்டி, லயத்து வாசலில்
டீ குடிக்காத பதினான்கு பேர்
என்னைத் திட்டிக்கொண்டு நின்றார்கள்.

மார்கழியில் நரம்பு உள்ளே போய்விடும்.
சித்திரையில் முழங்கை மடிப்பில்
பச்சையாய்ப் புடைத்துக் கிடப்பது
இப்போது தட்டினாலும் வராது, கெஞ்சினாலும் வராது.
கையைச் சூடுபடுத்தவும் என்று பாடத்தில் இருக்கிறது.
எதைக்கொண்டு என்று இல்லை.

வீருசின்னம்மாள், வயது நாற்பத்து மூன்று.
நகக்கண்ணில் ஏலக்காய்க் கறை.
என் விரல் பட்டதும் கையை உருவிக்கொண்டாள்.
"பொணத்துக் கையாட்டம் இருக்கே, தாயி."

வெளியே போனேன்.
வண்டி டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது.
குனிந்து, இன்ஜினுக்குப் பக்கத்தில்
இரண்டு உள்ளங்கையையும் விரித்தேன்.
ஒட்டவும் கூடாது, விலகவும் கூடாது.
அந்த அரை விரற்கடை எனக்குத் தெரியும்,
கெண்டைக்காலில் ஒரு தழும்பு கொடுத்து வாங்கிய அளவு.
சூடு ஏறியதும் ஓடி வந்து
அவள் முழங்கையைப் பொத்திப் பிடித்தேன்.
மலையேற எரிந்த பெட்ரோலின் மிச்சம்
மெதுவாக அவளுக்குள் இறங்கியது.
ஒரு நிமிஷம். இன்னும் ஒன்று.
தோலுக்கடியில் யாரோ புரண்டு படுத்த மாதிரி
நரம்பு எழுந்தது.

"எதுல காய்ச்சுன கைய?"
"வண்டியில."
"அதுக்காச்சும் வயித்துக்கு ஊத்துனியா?"
ரிசர்வில் ஓடுகிறது என்று எப்படிச் சொல்ல?
சிரித்துவிட்டேன், அவளும் சிரித்தாள்.
ஊசி ஏறியதை இருவருமே கவனிக்கவில்லை.

பத்தாவது ஆளுக்குள் இன்ஜின் செத்த குளிராகிவிட்டது.
திரும்ப உதைத்து, சும்மாவே ஓடவிட்டு,
மீதி நாலு பேருக்கும் சுட வைத்தேன்.
அந்தப் பெட்ரோலை லேப் கணக்கில்
எந்தத் தலைப்பில் எழுதுவது என்று
இன்றுவரை தெரியாது.

இறங்கும்போது பெட்டிக்குள் நாலு டிகிரி.
வெளியே எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை.
குழாய்களில் நான் எழுதிய பெயர்கள்
கோணலும் நடுக்கமுமாய் ஒன்றோடொன்று உரச,
ஆறாம் வளைவில் வெயில் குறுக்கே நின்றது.
நிறுத்தாமல் அதற்குள் நுழைந்து வெளியேறினேன்.

பங்கில் இறங்கித் தினசரியை உருவினால்
வெள்ளைச் சட்டையில் இடவலம் மாறி
ஏலக்காய் விலை அச்சாகியிருந்தது.
"எவ்வளவுக்குக்கா?" என்றான் பையன்.
வண்டிக்கு நூறு ரூபாய்க்கு.
எனக்கு, லேப்புக்குப் போன பிறகு.