நானூற்றுப் பதினேழு

ஜனவரியில் எப்ரோ ஆற்றுக் கால்வாயை
மூன்று நாளைக்கு மூடுகிறார்கள்.
கரை வெடித்த இடத்தில் சிமென்ட் பூச வேண்டும்.
அதற்குள் உயிருள்ள யாவற்றையும் அகற்றுக
என்று எழுதியிருந்தது எங்கள் ஒப்பந்தத்தில்.
யாவும் என்றால் மட்டிகள்.

முழங்கால்வரை சேறு.
ஒரோசியா விரல்களால் துழாவுகிறாள்,
இருட்டில் சுவிட்சைத் தேடுபவள் போல.
நான் பலகையில் குறிக்கிறேன்:
நீளம், எடை, ஓட்டில் ஒட்டிய எண்.
கறுத்த ஓடு, என் உள்ளங்கையைவிடப் பெரிது.
காது வடிவம் என்கிறது கையேடு.
காதுதான் என்றால்
எதைக் கேட்க இத்தனை காலம் திறந்திருந்தது?

இரண்டு நாளில் நானூற்றுப் பதினாறு.
ஒன்றுகூட என்னைவிட இளையதில்லை.
எனக்கு நாற்பத்தொன்று.

குஞ்சுகள் எங்கே என்று கேட்டான்
பொக்லைன் ஓட்டுகிற வியோரெல்,
அணைத்த சிகரெட்டைக் காதில் செருகியபடி.
லட்சம் லட்சமாய்த்தான் விடுகின்றன, என்றாள் ஒரோசியா.
தூசியளவு.
ஒரு பெரிய மீனின் செவுளைப் பற்றினால்
சில வாரம் அங்கே தங்கி
அப்புறம் மணலில் இறங்கும்.
அந்த மீன் கடலிலிருந்து வரும்.
வந்துகொண்டிருந்தது.
அணைகளுக்குப் பிறகு வரவில்லை.

என்ன மீன்?
ஸ்டர்ஜன்.

எஞ்சினை அணைக்காமலே இறங்கி வந்தான்.
இரண்டு கைகளையும் விரித்தான். போதவில்லை.
என் தோளைப் பிடித்துத் தள்ளி நிறுத்தி
என்னையும் சேர்த்து அளந்தான்.
டான்யூப் கடலில் கலக்கும் பக்கம் அவன் ஊர்.
திருட்டுத்தனமாய்ப் பிடித்த ஒன்றை
போலீஸ் பார்க்காமல் குளிப்பறையில் மறைத்தாராம் சித்தப்பா.
தொட்டிக்கு வெளியே தொங்கியதாம் வால்.
மூன்று நாள் வீட்டில் யாரும் குளிக்கவில்லை.
"பல் தேய்த்துக்கொண்டே செவுளைப் பார்ப்பேன்.
அப்படிச் சிவப்பு.
ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை."

மூன்றாம் நாள், வெளிச்சம் போகிற நேரம்,
அவன் பூட்ஸ் நுனியில் தட்டுப்பட்டது கடைசி மட்டி.
வாளியில் இட்டதும்
பயத்திலோ குளிரிலோ
மெல்ல வாய் பிளந்து
பால் திரிந்த மாதிரி எதையோ துப்பியது.
ஒரோசியா குனிந்து பார்த்தாள்.
இரண்டு மாதம் முன்கூட்டியே, என்றாள்.
ஆய்வுக்கூடத் தொட்டிகளில்
வேறு சின்ன மீன்களைப் பழக்கிக்கொண்டிருக்கிறார்கள்.
இங்கிருந்து ஒன்றரை மணி நேரம்.

என் பலகையில் இதற்குக் கட்டம் இல்லை.
நீளம் எழுதினேன். எடை எழுதினேன்.

வியோரெல் கையுறையைக் கழற்றினான்.
விரல்களை அகல விரித்து
மணிக்கட்டுவரை வாளிக்குள் விட்டான்.
அது பயன்படாது என்று அவனுக்கும் தெரியும்.
நீர் பனிபோல இருந்திருக்கும்.
கரையில் பொக்லைன்
காலியாக உறுமிக்கொண்டிருந்தது.
எடு என்று நாங்கள் சொல்லவில்லை.