மண் இளகும் வரை

டிம்மின்ஸில் தை மாதம் குழி வெட்டுவதில்லை.
மண் இரும்பு.
பனி வாரிக்கொண்டிருந்த இடத்திலேயே விழுந்த அண்ணனை
சேமக்காலைக் காப்பறையில் வைத்திருக்கிறார்கள்,
வேறு ஆறு பேரோடு,
வைகாசி வரும் வரை.

செத்தும் புதைபடாத இந்த நாலு மாதம்
குசினியில் ஓயாத வழக்கு.

அத்தான் கிருபைராஜா பெந்தகொஸ்தே.
இதே உடம்பு, இதே எலும்பு என்கிறார்.
காலைக் கிழக்கே வையுங்கோ,
எக்காளம் கேட்டு எழும்பினால்
திரும்பாமல் நேரே பார்க்க வேணும்.

அண்ணி பிலோமினாவுக்கு அவசரம் இல்லை.
ஆன்மா உத்தரிக்கிற ஸ்தலத்தில்,
உடம்பு கடைசி நாளில் வந்து சேரும்,
அதற்கிடையில் பூசைக்குக் காசு கட்டியாயிற்று.

அத்தானின் மகள் ஷெரின்
யுனைட்டட் சபையில் போதகராகப் படிக்கிறாள்.
"பிணம் நடந்ததோ இல்லையோ, அதில்லை அப்பா.
பயந்து பூட்டியிருந்த ஆட்கள்
ஒரு விடியலில் கதவைத் திறந்து தெருவுக்கு வந்தார்கள்.
எழுந்தது அங்கே."
"அப்ப கல்லறை வெறுமையில்லையோ?"
"வெறுமையாய் இருந்திருக்கலாம்."
"இருந்திருக்கலாமோ!"
தேத்தண்ணி மேசையில் சிந்தியது.
துடைத்தது நான்.

என்னை ஒருவரும் கேட்கவில்லை.
என் அடிவயிற்றின் வலப்பக்கம்
அண்ணனின் இடது சிறுநீரகம் இருக்கிறது.
பதினொரு வருடம்.

கேட்டேன்:
எக்காளம் ஊதினால் இது எவரோடு எழும்பும்?

அத்தான் தாடையைச் சொறிந்தார்.
"அவருக்குப் புதுசு ஒண்டு குடுப்பார்."
அண்ணி சிலுவை போட்டுக்கொண்டாள்.
"கணக்கு ஆண்டவரிட்டை இருக்கு."
ஷெரின் கண் கலங்கி என் கையைப் பிடித்தாள்.
"சித்தி, இதுதானே உயிர்ப்பு!"

கையை உருவிக்கொண்டேன்.
இல்லைப் பிள்ளை.
அழகாய்ச் சொல்லாதே.
இதை அந்நியன் என்றுதான்
என் ரத்தம் இன்றைக்கும் நினைக்கிறது.
விட்டால் ஒரு மாதத்தில் கடித்துத் துப்பிவிடும்.
காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும்
குளிசை போட்டு ஏமாற்றிவருகிறேன்.
பெற்றதை ஏற்கத் தெரியாத உடம்பு இது.
இதையா அவர் எழுப்பப் போகிறார்?

இரவு இரண்டு மணி. வெளியே கழித்தல் முப்பத்தெட்டு.
அவன் அங்கே கல்லாய்க் கிடக்க
அவனில் ஒரு பிடி இங்கே சூடாய் உழைத்து
என்னை எழுப்பிக் கழிவறைக்கு அனுப்புகிறது.
சிரித்துவிட்டேன். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வைகாசி.
குழி வெட்டுகிற ரெஜான் இரும்புக் கம்பியை இறக்கிப் பார்த்தான்.
மூன்றடிக்குக் கீழே இன்னும் உறை.
இன்னொரு கிழமை பொறுங்கள் என்றான்.
அத்தான் கைபேசியில் கிழக்கைத் தேடினார்,
அண்ணி தீர்த்தக் குப்பியைத் திரும்ப மூடினாள்,
ஷெரின் குந்தியிருந்து சேற்றைத் தொட்டாள்.

எனக்கு ஒதுங்க வேண்டும்.
கண்ணுக்கெட்டிய தூரம் வரை
கல்லும் சிலுவையும்தான்.
பொறடா அண்ணா, என்றேன்,
வயிற்றைத் தட்டி.