அனுப்புநர்

ஹாகன்ப்ரூக் வம்சத்தின் கடைசிச் சீமாட்டி
இன்று காலை அல்சூர்ச் சந்தையில்
அவரைக்காய்க்கு நாலு ரூபாய் பேரம் பேசினாள்.
நான்தான்.

சந்தேகமிருந்தால் பாஸ்போர்ட்டைப் பாருங்கள்:
கனகவல்லி ஃப்ரைஃப்ராவ் ஃபான் ஹாகன்ப்ரூக்.
வங்கி விண்ணப்பத்தில் எழுத
கட்டங்கள் தீர்ந்துபோய்
கடைசி மூன்று எழுத்து ஓரத்தில் தொங்கின.
"இஷ்டு உத்தானா மேடம்?"
அப்பா கொடுத்தது ஒரே எழுத்துதான்,
எல்லப்பனின் எ.
அதற்குக் கட்டமே கிடையாது என்று
போன வருடம் சொன்னதும்
இதே கவுன்டர்தான்.

தணிகாசலம் பீன்யாவில் அச்சு வெட்டப் பழகி
ஷ்டுட்கார்ட் போனார்.
பல் வலியில் போய் உட்கார்ந்த நாற்காலிக்கு மேலே
விளக்கோடு குனிந்தவள் உல்ரீக்கே.
அந்தப் பெயரில் பிறந்தவள் அவள் ஒருத்திதான்.
அவள் அப்பாவுக்கு மகன் இல்லை.
காடு போய், ஆலை போய், கோட்டை
முதியோர் விடுதியாகி,
பட்டம் என்பதே சட்டத்தில் செத்து நூறு வருடம்.
பெயரின் வாலாக மட்டும் அதை விட்டுவைத்திருந்தார்கள்.
ஆண்வழியாகத்தான் இறங்கும் என்பது பழைய முறை.
மனைவி பெயரைக் கணவன் எடுக்கலாம் என்பது புதிது.
மாமனார் சூப்பை ஆறவிட்டுக் கேட்டாராம்:
"சீதனமாகத் தர இதைத் தவிர வேறில்லை. எடுத்துக்கொள்வாயா?"

எடுத்துக்கொண்டார்.
சாதிச் சங்கம் எங்கேயும் சாதிச் சங்கம்தான்.
கெட்டித்தாளில் கடிதம் வந்தது:
'பெயர் உங்களுடையது. குலம் உங்களுடையதன்று.'
அதைப் படித்துக் காட்டும்போதெல்லாம்
என் சித்தப்பா குரலிலேயே படிப்பார்.

உல்ரீக்கே போன மார்ச்
பனி விடவில்லையாம்.
பிறந்தவள் பெயரைக் கல்லுக்குக் கொண்டுபோனாள்.
சேர்ந்தவர் அதைப் பெங்களூருக்குக் கொண்டுவந்தார்.
எட்டு வருடம் கழித்து இந்திராநகர் சார்பதிவாளர் முன்
நான் போட்ட கையெழுத்தில்
ஒரு சொட்டு ரத்தமும் தொடாமல்
முந்நூறு வருடம் என் மேல் இறங்கியது.
உடம்புக்கு ஒன்றும் தெரியவில்லை.
வெளியே வந்து கரும்புச்சாறு குடித்தோம்.

ஃப்ரை என்றால் விடுதலையாம்.
விடுதலையான பெண்மணி
மின்வாரியக் கவுன்டரில் ஒன்பது முதல் ஐந்து வரை
சில்லறை இல்லை சில்லறை இல்லை என்று சொல்கிறாள்.

மற்றபடி வந்து சேர்ந்தது ஒரு பித்தளை முத்திரை,
அரக்கில் பதிக்கிறது.
ஒற்றைக்காலில் ஒரு கொக்கு, அதன் மேல் கிரீடம்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை பூரி மாவில் அழுத்திப் பார்த்தேன்.
அச்சு அசலாக விழுந்தது கொக்கு.
எண்ணெயில் போட்டதும்
உப்பி, கிரீடம் முதலில் போய்,
அப்புறம் கால்.
அவர் எதுவும் சொல்லவில்லை. நாலு தின்றார்.

போன வாரம் அடெல்ஹைட் எழுதியிருந்தாள்,
உல்ரீக்கேயின் பெரியப்பா மனைவி. தொண்ணூற்றொன்று வயது.
முத்திரை குலத்தவரிடம் திரும்ப வேண்டுமாம்.
அவள் பிறந்தது ரொட்டிக் கடைக்காரர் வீட்டில்;
இவர் எப்போதோ சொன்னது.
அவளும் வாழ வந்தவள், நானும் வாழ வந்தவள்.
எனக்குக் கோபம் வரவேண்டும்.
இவ்வளவு வயதில் ஒரு பித்தளைக் கட்டியைப் பிடித்துக்கொண்டு
யாருக்குக் கதவு சாத்துகிறாள் என்றுதான் தோன்றியது.

புளி வந்த டப்பாவில் பஞ்சு வைத்துக் கட்டினேன்.
ஸ்பீட் போஸ்ட் வரிசையில் பதினொன்றாவது ஆள்.
கவுன்டர் பையன் பெறுநரைப் படித்தான்,
அனுப்புநரைப் படித்தான்,
விரல் வைத்து மறுபடி மேலிருந்து படித்தான்.

"மேடம், நீங்களே உங்களுக்கு அனுப்பிக்கிறீங்களா?"

பேனாவைக் கேட்டு வாங்கினேன்.
அனுப்புநர் வரியை முழுசாக அடிக்க மனமில்லை.
அதற்கு முன்னால் இருந்த துளி இடத்தில்
எ என்று எழுதி
ஒரு புள்ளி வைத்தேன்.

"மதிப்பு எவ்வளவு போடட்டும்?"