காரணம் என்றொரு கட்டம்

நீடாமங்கலம் ஆஸ்பத்திரி, கண் பிரிவுப் பதிவேடு.
பெயர், வயது, எந்தக் கண் என்பதற்கு அடுத்து
காரணம் என்றொரு கட்டம்.
பதினோரு வருடமாக நான்தான் நிரப்புகிறேன்.

சித்திரையில் இரும்பு.
மேட்டூர் திறப்பதற்குள் மோட்டாரைக் கழற்றி
லேத்துப் பட்டறைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள்.
தை பிறந்தால் நெல்.
இடையில் சுண்ணாம்பு, சிமெண்ட், வெல்டிங் வெளிச்சம்,
தீபாவளிக்கு மறுநாள் கம்பி மத்தாப்பு.
காலண்டர் பார்க்காமலே மாதம் சொல்வேன்.

அமிர்தகடேசன் வந்தான், இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு.
பம்பு ஷாஃப்ட் கடைந்தபோது தெறித்த பிசிர்.
கண்ணாடி போடவில்லையா?
இருக்கு மேடம், ஆணியில மாட்டியிருக்கு,
முருகன் படத்துக்குப் பக்கத்துல.
விழுந்தது நேற்று.
முதலாளி காந்தத்தைக் காட்டிப் பார்த்தாராம்.
டீக்கடைக்காரர் வேட்டி நுனியைத் திரித்துத் துழாவினாராம்.
பிள்ளை பெற்ற வீட்டில் பால் கேட்கப் போய்
வெட்கப்பட்டுத் திரும்பிவிட்டானாம்.

கண்ணிலும் இரும்பு துருப்பிடிக்கும்
என்றால் யாரும் நம்புவதில்லை.
விளக்கடியில் பார்த்தால் கருவிழியில் ஒரு வளையம்.
இரும்பு வாளி வைத்தெடுத்த சிமெண்ட் தரையில் இருக்குமே,
அதே நிறம்.
மரப்புச் சொட்டு விட்டு, ஊசி முனையோடு டாக்டர் குனிய
தலையைப் பிடித்துக்கொண்டு நான் சொன்னேன்:
அசையாதே, டாக்டர் காதைப் பார்.
பார்த்தான்.
அவர் காதில் முடி இருப்பதைப்
பிறகு என்னிடம் ரகசியமாகச் சொன்னான்.
பஞ்சில் வைத்துக் காட்டிய துகள்
கடுகில் பாதிகூட இல்லை.
இதுவா? என்றான், ஏமாற்றத்தோடு.

இரும்பு சூடாக வருகிறது,
வரும் வழியிலேயே தன்னைச் சுட்டுக்கொண்டு.
எடுத்துவிட்டால், பெரும்பாலும், தீர்ந்தது.

நெல் அப்படி இல்லை.

பவுனாம்பாளுக்குத் தூற்றும்போது ஒரு சுணை.
கசக்கினாள்.
மறுநாளும் களத்துக்குப் போனாள்.
மெடிக்கலில் ஏதோ சொட்டு மருந்து, முப்பது ரூபாய்.
எட்டாம் நாள் வந்தபோது விழி மேல் வெள்ளை,
ஆறிய கஞ்சியில் படிகிற ஆடைபோல.
பூஞ்சை.
சேற்றிலிருந்து சுணையேறி வந்தது.
மதுரைக்கு அனுப்பினோம்.
போகும்போது கேட்டாள்:
நாத்து நடுறதுக்குள்ள சரியாயிடுமா?

காரணம்: நெல், என்று எழுதினேன்.
மதியம் டப்பாவைத் திறந்தால் தயிர்சாதம்.
சாப்பிட்டேன். பசிக்குமே.

நேற்று சாயங்காலம் ரயில்வே கேட் வழக்கம்போல மூடிக்கிடந்தது.
நெல் மூட்டை ஏற்றிய சரக்கு ரயில்.
எதிர்ப்பக்கம் பட்டறையில் அமிர்தகடேசன்,
வேகன் இடுக்குகளில் துண்டு துண்டாகத் தெரிந்தான்.
கண்ணாடி போட்டிருந்தான்,
நெற்றியில்.
கீழே இறக்கு, என்று கத்தினேன்.
நாற்பது வேகன் சத்தத்தில் யார் காதில் விழும்?
கடைசி வேகன் கடந்தபோது
என் வலக்கண்ணில் ஏதோ விழுந்தது.
கசக்கப் போன கையை
மற்றக் கையால் பிடித்துக்கொண்டு
தண்ணீர்க் குழாயைத் தேடி நடந்தேன்.